கூட்டு வணிகமும் எழுத்தாவணமும்: பங்காளர் வழக்குகளின் வரலாறு

திருக்குர்ஆனின் 38ஆம் அத்தியாயமான ஸாத் சூராவில், நபி தாவூத் (அலை) அவர்களிடம் ஒரு வழக்கு வந்த வரலாறு கூறப்படுகிறது. வணக்க மாடத்தின் மதிலேறி இருவர் உள்ளே வருகின்றனர். ஒருவரிடம் 99 பெண் ஆடுகள். மற்றவரிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் தன்னிடம் ஒப்படைக்குமாறு முன்னவர் கேட்டு, வாதத் திறத்தாலும் தம்மை மிகைத்துவிட்டார் என்பது பின்னவரின் முறையீடு. விடை பகரும் நபியவர்கள், சொத்தைக் கலந்து வைத்துக்கொள்வோரில் பலர் ஒருவர்மீது ஒருவர் வரம்பு மீறுகின்றனர் என்றும், ஈமானும் நற்செயலும் உடையோரே அதற்கு விலக்கு என்றும், அத்தகையோர் மிகச் சிலர் என்றும் கூறியதாக அருள்மறை எடுத்துரைக்கிறது. அங்கே ஆளப்பட்டுள்ள சொல் 'குலதா' என்பதாகும். 'கலத்த' என்னும் அரபு வினையடியிலிருந்து பிறந்த அச்சொல்லுக்குக் 'கலந்தோர்' என்பது பொருள். தமிழின் 'கல' என்னும் வினையோடு இதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானதே. ஆயினும் பொருள் ஒன்றாயிருப்பது எண்ணி இன்புறத்தக்கது.

இவ்வசனங்களுக்கு விளக்கம் எழுதிய முஃபஸ்ஸிரீன்களுள் ஒரு சாரார், எதிர்வாதியின் சொல்லைக் கேட்கும் முன்னரே தீர்ப்பு வெளிப்பட்டமையே நபியவர்களுக்கு நேர்ந்த சோதனை என்பர். ஆக, இவ்வரலாற்றில் இரண்டு படிப்பினைகள் உள. கூட்டுச் சொத்து என்பது அநீதிக்கு எளிதில் இடந்தரும் களம் என்பது ஒன்று. அந்த அநீதியைத் தீர்க்க முனைபவர் இருதரப்பையும் கேட்டாக வேண்டும் என்பது மற்றொன்று.

இக்காலத்தில் இவ்விரு பணிகளுக்கெனத் தனிச் சட்ட நிறுவனங்கள் தோன்றியுள்ளன. கூட்டு வணிகம் தொடங்குமுன் ஆலோசனை கூறுவதும், பங்காளர் பிணக்குற்றபோது தீர்த்துவைப்பதும் அவற்றின் தொழில். நம் சமுதாயத்தில் பலர் இதனை மேலைநாட்டார் கொணர்ந்த புதுமை எனக் கருதுகின்றனர். கூட்டாளியிடம் பத்திரம் கேட்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்றும், வழக்கறிஞரை நாடுவது மானக்கேடு என்றும் எண்ணுவோர் இன்றும் உளர். வரலாறு என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரையில் நாம் நோக்குவோம்.

தொடக்க காலச் சான்றுகள்

அரபு மொழியில் கூட்டுக்கு 'ஷரிகத்' என்று பெயர். இறைவனுக்கு இணை கற்பித்தலைக் குறிக்கும் 'ஷிர்க்' என்னும் சொல்லும் இதே வேரினின்று கிளைத்தது. படைத்தவனுக்குப் பங்காளி இல்லை; படைப்பினங்களோ பங்காளியின்றி வாழ இயலாதவை. இந்த வேறுபாட்டை உணர்ந்த அரபு வணிகச் சமுதாயத்தில்தான் பெருமானார் (ஸல்) அவர்கள் தோன்றினார்கள். நபித்துவத்திற்கு முன்னர் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு அண்ணலார் ஷாம் நாட்டிற்கு வணிகம் செய்யச் சென்றமை யாவரும் அறிந்ததே. அக்காலத்தில் அண்ணலாரின் வணிகக் கூட்டாளியாயிருந்த ஸாயிப் (ரலி) அவர்கள், அண்ணலார் தம்மோடு முரண்படாமலும் வாதிடாமலும் நடந்துகொண்ட நல்ல பங்காளி எனப் பிற்காலத்தில் சான்றுரைத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பங்காளர் இருவருள் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் இழைக்காத வரையில் இறைவன் அவர்களோடு மூன்றாமவனாக இருக்கிறான் என்னும் கருத்துடைய ஹதீஸ் குத்ஸியும் அந்நூலிலேயே உள்ளது.

நபித்தோழர்களின் காலத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு, கூட்டு வணிகச் சட்டத்தின் வரலாற்றில் தலையாயது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மைந்தர்களான அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் இராக் படையிலிருந்து திரும்புகையில் பஸ்ராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்திக்கின்றனர். மதீனாவிற்கு அனுப்பவேண்டிய அரசுப் பணம் அவரிடம் இருந்தது. அதனை அவர்களிடம் கடனாகக் கொடுத்து, இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் செலுத்தி, இலாபத்தை எடுத்துக்கொள்ளுமாறு கூறுகிறார். அவ்வாறே நிகழ்ந்தது. செய்தியறிந்த உமர் (ரலி) அவர்கள், படையினர் அனைவருக்கும் இவ்வாறு பணம் தரப்பட்டதா என வினவி, இல்லையென அறிந்ததும், முதலையும் இலாபத்தையும் சேர்த்தே செலுத்தப் பணித்தார்கள். அப்துல்லாஹ் வாளாவிருந்தார். உபைதுல்லாஹ்வோ, இப்பணம் குறைந்தோ அழிந்தோ போயிருந்தால் நாங்களன்றோ ஈடுசெய்திருப்போம் என வாதிட்டார். அவையிலிருந்த ஒருவர் இதனைக் கிராளாக ஆக்கிவிடலாமே என ஆலோசனை கூறினார். கலீஃபா அதனை ஏற்று, முதலையும் இலாபத்தில் பாதியையும் பைத்துல்மாலுக்கு எடுத்துக்கொண்டு, மறு பாதியை மைந்தர்களுக்கு விட்டார்கள்.

இங்கே நம் கவனத்திற்குரியவர் அந்த ஆலோசகரே. அவர் நீதிபதியுமல்லர், வழக்காடியுமல்லர். நிகழ்ந்துவிட்ட ஒரு கொடுக்கல் வாங்கலுக்குச் சரியான சட்டப் பெயரைச் சூட்டி, இருதரப்பும் ஏற்கத்தக்க தீர்வைக் காட்டினார். கூட்டு வணிக வழக்கறிஞர் இன்று செய்வதும் அதுவே.

ஆலோசனையைப் போன்றே முன்னெச்சரிக்கையும் அக்காலத்தில் இருந்தது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் பிறரிடம் வணிகத்திற்குப் பணம் தரும்போது, அதனைக் கொண்டு உயிருள்ளவற்றை வாங்கலாகாது, கடல்வழி கொண்டு செல்லலாகாது, வெள்ளம் பாயும் பள்ளத்தாக்கில் தங்கலாகாது, மீறினால் நட்டத்திற்குப் பொறுப்பேற்க வேண்டும் என நிபந்தனை விதித்ததாகத் தாரகுத்னீ அறிவிக்கிறார். கடனுக்கு எழுத்தும் சாட்சியும் வேண்டும் என வலியுறுத்தும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடைய வேண்டாம் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று.

இமாம்களின் சட்டத் தொகுப்பு

ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் சட்டநூல்கள் எழுந்தபோது கூட்டு வணிகம் விரிவான தனிப் பாடமாயிற்று. ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் ஈந்து இலாபத்தைப் பகிர்வதை இராக்கியர் 'முளாரபா' என்றனர். ஹிஜாஸியர் 'கிராள்' என்றனர். இறையருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரைப் பற்றி அல்முஸ்ஸம்மில் அத்தியாயத்தில் வரும் சொல்லாட்சியிலிருந்து முன்னதும், வெட்டுதல், பகுத்தல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பின்னதும் தோன்றின. இம்முறையில் நட்டம் நேரின் அது முதலீட்டாளரின் முதலைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். உழைப்பவர் நம்பிக்கைக்குரிய அமீன் ஆவார். வரம்பு மீறினாலன்றி அவர்மீது ஈடு இல்லை.

இருவரும் முதல் போட்டு நடத்தும் கூட்டில் இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உள. ஹனஃபீ அறிஞர்கள் நான்கு வகைகளை ஏற்றனர்: குறித்த முதலில் கூடும் இனான், முழுமையான சமத்துவத்தில் கூடும் முஃபாவளா, கைத்தொழிலில் கூடும் அப்தான், முதலின்றி நாணயத்தின் பேரில் கடனுக்கு வாங்கி விற்கும் உஜூஹ். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இனானை மட்டுமே ஏற்றார்கள். முஃபாவளாவை மிகக் கடுமையாக மறுத்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் இது தெளிவாக உள்ளது. ஷாஃபிஈ முறையில் இருவர் முதலும் பிரித்தறிய இயலாதவாறு கலக்கப்பட வேண்டும்; இலாபமும் நட்டமும் முதலின் விகிதப்படியே அமையும்; மாற்றி நிபந்தனையிட்டால் ஒப்பந்தம் கெடும். ஹனஃபீ முறையிலோ இலாபத்தைப் பேசிக்கொண்டவாறு பகிரலாம். நட்டம் மட்டும் முதலின் விகிதத்தை விட்டு அகலாது. தமிழகக் கடற்கரையூர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டில் ஹனஃபீ மத்ஹபும் பெரிதும் வழங்குவதால், இவ்வேறுபாடு நமக்கு வெறும் ஏட்டுச் செய்தியன்று. காயலரும் மதுரையாரும் கூடி ஒரு கடை வைத்தால், இலாபப் பங்கீட்டின் முதல் வரியிலேயே இரு மத்ஹபுகள் எதிரெதிர் நிற்கும்.

பிணக்குகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. முளாரபாவில் இலாப விகிதம் இன்னதெனப் பேசினோம் என்பதில் இருவரும் மாறுபட்டு, சான்றும் இல்லையெனில், ஹனஃபீ முறையில் முதல் தந்தவரின் சொல் சத்தியத்தோடு ஏற்கப்படும். ஷாஃபிஈ முறையில் இருவரும் சத்தியம் செய்ய, ஒப்பந்தம் நீங்கி, உழைத்தவருக்குத் தக்க கூலி தரப்படும். எழுத்து இல்லாதபோது உண்மை கைநழுவி, சத்தியமும் ஊகமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பதை இவ்விதிகளே உணர்த்துகின்றன.

ஆவணக் கலை

இக்குறையை நீக்க எழுந்ததே 'ஷுரூத்' எனப்படும் ஆவணக் கலை. இமாம் முஹம்மத் ஷைபானீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 189 / கி.பி. 805) அவர்களின் மரபைத் தழுவி ஸரக்ஸீ (ரஹ்) இயற்றிய 'அல்மப்ஸூத்'தில், கூட்டுப் பத்திரம் எழுதும் முறை கூறப்படுகிறது. இறையச்சத்தின் மீதும் அமானிதத்தை நிறைவேற்றுவதன் மீதும் கூடியதாகப் பத்திரம் தொடங்க வேண்டும்; ஒவ்வொருவரின் முதலும் இவ்வளவெனக் குறிக்கப்பட வேண்டும்; ரொக்கமாகவும் கடனாகவும், சேர்ந்தும் தனித்தும் வாங்கி விற்கும் உரிமை சொல்லப்பட வேண்டும்; இலாப நட்டப் பங்கீடு விளக்கப்பட வேண்டும். ஓராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வமைப்பை இன்றைய கூட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் தலைப்புகள் பெரிதும் ஒத்திருப்பதைக் காணலாம். தொடக்க வரி மட்டும் இன்றைய பத்திரங்களில் இல்லை.

எகிப்தைச் சேர்ந்த இமாம் தஹாவீ (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 321 / கி.பி. 933) இக்கலையின் பேராசான். இமாம் ஷாஃபிஈயின் மாணவரான முஸனீயின் சகோதரி மகனாகப் பிறந்து, ஷாஃபிஈ மத்ஹபில் பயின்று, பின்னர் ஹனஃபீ மத்ஹபைத் தழுவியவர் அவர். இரு மத்ஹபுகளையும் உள்ளிருந்து அறிந்தவராதலின், எந்த மத்ஹபைச் சேர்ந்த காஜியிடம் சென்றாலும் செல்லாதென ஒதுக்கப்படாதவாறு ஆவணத்தை எழுதவேண்டும் என்பதைத் தம் நெறியாகக் கொண்டார். ஐயத்திற்கிடமான சொற்களைத் தவிர்ப்பதும், கருத்து வேறுபாடுள்ள இடங்களில் பேணுதலான வாசகத்தைச் சேர்ப்பதும் அவர் காட்டிய வழி. 1972இல் ஜானெட் வேகின் என்னும் ஆய்வாளர், தஹாவீயின் நூற்பகுதியைப் பதிப்பித்து இக்கலையை மேலை உலகிற்கு அறிமுகம் செய்தார். கோட்பாட்டளவில் வாய்ச்சாட்சியமே முதன்மையாயினும், நடைமுறையில் வணிகம் எழுத்தாவணத்தின் மேலேயே இயங்கியது என்பது அவ்வாய்வு காட்டும் உண்மை.

வணிகர்களின் வக்கீல்

ஆவணம் எழுதியவர்களோடு, வழக்குகளை நடத்தித் தந்தவர்களும் இருந்தனர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கெனீஸா ஏடுகள் இதற்குச் சான்று. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அவற்றுள் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அவற்றை ஆராய்ந்த எஸ்.டி. கொய்தைன், 'வகீலுத் துஜ்ஜார்' எனப்பட்ட வணிகர் பிரதிநிதியின் பணிகளை விளக்கியுள்ளார். வெளியூர் வணிகரின் சார்பில் வழக்குரைப்பது, அவர்தம் சரக்கைத் தம் கிடங்கில் காப்பது, பிணக்குற்ற பொருளை முடிவு தெரியும்வரை வைத்திருப்பது, நடுவராயிருந்து இசைவு காண்பது ஆகியன அவருடைய பணிகள். 12ஆம் நூற்றாண்டில் ஏடனில் இப்பொறுப்பை வகித்த மள்மூன் இப்னு ஹஸன், மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யீஜூவோடு நடத்திய கடிதப் போக்குவரத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இருவரும் யூதர்கள். ஆயினும் அக்காலத்து யூத வணிகர் முஸ்லிம்களின் கிராள் முறையைப் பெயர் சுட்டியே கையாண்டனர். தம் சமயச் சட்டத்தினும் அது நெகிழ்வானதாக அவர்களுக்குத் தோன்றியது.

இத்தாலியத் துறைமுகங்களில் வழங்கிய 'கொம்மெந்தா' என்னும் கூட்டு முறையும் கிராளைப் பெரிதும் ஒத்தது. ஆபிரகாம் உதோவிச் 1962இல் எழுதிய ஆய்வுரையில், கொம்மெந்தாவின் மூலமாக இருக்கத்தக்கது இஸ்லாமியக் கிராளே என்னும் கருத்தை முன்வைத்தார். 1970இல் வெளிவந்த அவரது நூல், இடைக்கால இஸ்லாமியக் கூட்டு வணிகம் பற்றிய அடிப்படை நூலாக விளங்குகிறது.

ஆங்கிலச் சட்டத்தின் பாதை

இலாபத்தில் பங்கு பெறும் ஒருவர், வணிகத்தை நடத்தாவிடினும், அதன் கடன்கள் அனைத்திற்கும் பொறுப்பாளியா? ஆங்கிலச் சட்டம் இவ்வினாவிற்கு விடை காண நெடுங்காலம் திணறியது. 1793ஆம் ஆண்டின் வாஹ் எதிர் கார்வர் வழக்கில், இலாபம் பெறுபவர் கடனுக்கும் பொறுப்பாளியே எனத் தீர்ப்பாயிற்று. 1860இல் காக்ஸ் எதிர் ஹிக்மன் வழக்கில்தான் பிரபுக்கள் சபை அதனை மாற்றி, இலாபப் பங்கு மட்டும் ஒருவரைப் பங்காளராக்கிவிடாது என்றது. முதலளவோடு பொறுப்பை முடித்துக்கொள்ளும் பங்காளருக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. முளாரபாவில் முதலீட்டாளரின் இழப்பு பொதுவாக அவர் தந்த முதலோடு நிற்கும் என்பது அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் இமாம்களின் நூல்களில் நிலைபெற்றிருந்தது.

காக்ஸ் வழக்கு முடிந்த அதே 1860இல் நாத்தனியேல் லிண்ட்லி தம் கூட்டாண்மைச் சட்ட நூலை வெளியிட்டார். பிறர் கைகளால் புதுப்பிக்கப்பட்டு இன்றளவும் அந்நூல் பயன்பாட்டில் உள்ளது. ஃபிரெடெரிக் போலக் உருவாக்கிய வரைவின் அடிப்படையில் 1890இல் இங்கிலாந்தின் கூட்டாண்மைச் சட்டம் நிறைவேறியது. உதுமானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தெத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா, ஹனஃபீ கூட்டுச் சட்டத்தைத் தன் 10ஆம் நூலில் விதிவிதியாக வகுத்துத் தந்தது. இரு சட்ட மரபுகளும் ஒரே தலைமுறையில் தொகுப்பு வடிவம் பெற்றமை குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் நிகழ்ந்த மாற்றம் நமக்கு நேரடித் தொடர்புடையது. கல்கத்தாவுக்கு 1781ஆம் ஆண்டுச் சட்டமும், சென்னைக்கும் பம்பாய்க்கும் 1797ஆம் ஆண்டுச் சட்டமும், முஸ்லிம்களிடையே எழும் ஒப்பந்த வழக்குகளை இஸ்லாமியச் சட்டப்படி தீர்க்கப் பணித்தன. 1791இல் சார்லஸ் ஹாமில்டன் மர்கீனானீயின் ஹிதாயாவை ஆங்கிலத்தில் தந்தது இத்தகைய தேவைக்காகவே. நீதிமன்றங்களில் முஃப்திகளும் காஜிகளும் சட்ட அலுவலராயிருந்தனர். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அப்பதவிகளை ஒழித்தது. 1872இன் ஒப்பந்தச் சட்டம் கூட்டாண்மையையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. அதிலிருந்து அப்பகுதி பிரிக்கப்பட்டு 1932இல் இந்தியக் கூட்டாண்மைச் சட்டமாயிற்று. 1937இன் ஷரீஅத் சட்டம் திருமணம், வாரிசுரிமை முதலியவற்றையே நமக்கு மீட்டுத் தந்தது. வணிக ஒப்பந்தம் அதில் இடம்பெறவில்லை. இதன் விளைவாக, பங்காளர் உயிரோடிருக்கும்வரை அவர்தம் கூட்டு 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆட்சியில் இருக்கிறது. அவர் மறைந்ததும் அவருடைய பங்கு ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வருகிறது. இவ்விரு சட்டங்களும் சந்திக்கும் இடத்தில்தான் நம் குடும்பங்கள் உடைகின்றன.

சட்ட நிறுவனங்களின் பணி

கூட்டாண்மையை மட்டுமே தம் துறையாகக் கொண்ட சட்ட நிறுவனங்கள் இன்று இங்கிலாந்தில் உள்ளன. மருத்துவர், கணக்காயர், கட்டட வல்லுநர், குடும்ப வணிகர் ஆகியோர் அவர்களை நாடுகின்றனர். பத்திரம் எழுதுதல், புதிய பங்காளரைச் சேர்த்தல், விலகுவோரின் பங்கை மதிப்பிடுதல், குட்வில் எனப்படும் நற்பெயர் மதிப்பைக் கணித்தல், நடுவர்முன் வாதிடுதல் ஆகியன அவர்களின் அன்றாடப் பணிகள். சுவையான செய்தி யாதெனில், சட்ட நிறுவனங்களே நெடுங்காலம் கூட்டு வணிகங்களாகத்தான் இருந்துவந்தன. 1862ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி 20 பேருக்கு மேல் பங்காளர் இருக்க இயலாது. சாலிசிட்டர்களுக்கு அத்தடை 1967இல்தான் நீங்கியது. பிறர் பிணக்கைத் தீர்ப்போர் தமக்குள்ளும் பிணக்குற்றனர் என்பது இத்துறை வளர்ந்ததற்கு ஒரு காரணம்.

ஒரே வழக்கறிஞர் பிணங்கிய பங்காளர் இருவருக்கும் ஆலோசகராதல் கூடாது என்பது அத்தொழிலின் ஒழுக்கம். ஒரு தரப்பைக் கேட்டு முடிவு செய்யற்க என அண்ணலார் அலி (ரலி) அவர்களை யமன் நாட்டிற்கு அனுப்புகையில் அறிவுறுத்தியதும், தொடக்கத்தில் நாம் கண்ட தாவூத் (அலை) வரலாறும் நீதியின் அதே அடிப்படையைக் காட்டுவன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் நலனுக்குக் கடமைப்பட்டவர். முஃப்தியோ உண்மைக்கு மட்டுமே கடமைப்பட்டவர். இருவரும் தேவை, ஒருவர் மற்றவருக்கு மாற்றாகார்.

இரு சட்டங்கள் சந்திக்கும் இடங்கள்

1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் பல பிரிவுகள், பங்காளர் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாதபோது மட்டுமே செயற்படுவன. அதாவது, பத்திரத்தில் நாம் எதையும் எழுதாவிட்டால் சட்டம் தானே எழுதிக்கொள்கிறது. அவ்விடங்களுள் சிலவற்றை நாம் சுட்ட விரும்புகிறோம்.

முதலாவது, நட்டம். பத்திரம் வாய்மூடியிருந்தால், பிரிவு 13இன்படி இலாபமும் நட்டமும் சமமாகப் பகிரப்படும். ஒருவர் 10 இலட்சமும் மற்றவர் 2 இலட்சமும் போட்டிருந்தாலும் அவ்வாறே. நட்டம் முதலின் விகிதத்தைச் சாரும் என்னும் ஷரீஅத் விதிக்கு இது முரண்.

இரண்டாவது, வட்டி. தம் முதலுக்கு மேலாகப் பங்காளர் ஒருவர் நிறுவனத்திற்குக் கொடுத்த பணத்திற்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி உண்டென அதே பிரிவு கூறுகிறது. விலகிய பங்காளருக்கோ இறந்தவரின் வாரிசுகளுக்கோ கணக்குத் தீர்க்காமல் மற்றவர் வணிகத்தைத் தொடர்ந்தால், இலாபத்தில் உரிய பங்கு அல்லது 6 விழுக்காடு வட்டி, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம் எனப் பிரிவு 37 கூறுகிறது. வட்டியை விலக்கி இலாபப் பங்கையே பெறுவதெனப் பத்திரத்தில் எழுதச் சட்டம் தடை விதிக்கவில்லை. எழுதாதிருப்பது நம் சோர்வே.

மூன்றாவது, பதிவு. பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வெளியாரின்மேல் வழக்குத் தொடர இயலாது என்பது பிரிவு 69. பங்காளரும் கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவுமன்றி, பத்திரம் தரும் பிற உரிமைகளுக்காக ஒருவர்மேல் ஒருவர் வழக்காட இயலாது.

நான்காவது, இறப்பு. பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிடில், பங்காளர் ஒருவரின் இறப்பால் கூட்டு கலையும் என்பது பிரிவு 42. ஷரீஅத்தும் அவ்வாறே கூறுகிறது. வாரிசுகள் விரும்பினால் புதிய ஒப்பந்தத்தால் தொடரலாம். தைமூர் குரான் 2011இல் வெளியிட்ட நூலில், இறப்பால் கலையும் கூட்டும் பலருக்குப் பகிரும் வாரிசுரிமையும் சேர்ந்தே முஸ்லிம் நாடுகளில் பெருவணிக நிறுவனங்கள் வளராமற் செய்தன என வாதிட்டார். உரோமச் சட்டத்திலும் ஆங்கிலச் சட்டத்திலும் இறப்பால் கூட்டு கலைந்ததை அவருக்கு நாம் நினைவூட்டலாம். எனினும் அவர் சுட்டும் இடர் மெய்யானது. அதற்கு மருந்து, வாரிசுரிமையைக் குறைப்பதன்று. இறப்பிற்குப் பின் பங்கை மதிப்பிடும் முறையையும் செலுத்தும் காலத்தையும் முன்கூட்டியே எழுதி வைப்பதாகும்.

ஐந்தாவது, தந்தையும் மக்களும். தந்தையின் பராமரிப்பில் இருந்துகொண்டு, தனி முதலின்றி அவர் தொழிலில் உழைத்த மகன் உதவியாளனே, சம்பாத்தியம் தந்தைக்குரியது என டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 1252 / கி.பி. 1836) எழுதுகிறார். மஜல்லாவின் 1398ஆம் விதியும் அதுவே. தந்தை விட்டுச் சென்ற சொத்தைப் பிரிக்காமல் சகோதரர் சேர்ந்து உழைத்துப் பெருக்கினால், உழைப்பில் ஏற்றத்தாழ்வு இருப்பினும் பெருக்கம் அவர்களுக்குச் சமம் என்பதும் அவர் தரும் தீர்ப்பு. நம் ஊர்களில் முப்பதாண்டுகள் கடையில் நின்ற மூத்த மகன் அதனைத் தன் கடை என எண்ணுகிறான்; தந்தை மறைந்ததும் தாயும் சகோதரிகளும் பங்கு கேட்டால் பகை மூளுகிறது. தந்தை உயிரோடிருக்கையில் மகனைச் சம்பளத்திற்கு வைத்தாரா, பங்காளராக்கினாரா என ஒரு தாளில் எழுதியிருந்தால் பகைக்கு இடமேது?

இவற்றுள் மிகுந்த வேதனை தருவது விதவைகளின் நிலை. மக்கள் இருப்பின் எட்டில் ஒன்றும், இல்லையேல் நான்கில் ஒன்றும் மனைவிக்கு உரியதென அந்நிஸா அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. பேரேட்டையும் ஐந்தொகையையும் கண்ணால் காணாத ஒரு பெண்ணுக்கு, எட்டில் ஒன்று எதன் எட்டில் ஒன்று? மாதந்தோறும் கொழுந்தனார் கொடுத்தனுப்பும் தொகையை அவள் உதவியாகப் பெறுகிறாள், உரிமையாகப் பெறுவதில்லை. கலைந்த கூட்டின் கணக்குக் கேட்கும் வழக்கிற்குக் காலவரம்பு 3 ஆண்டுகள் என்பது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம். இத்தா முடிந்து, துயரம் ஆறி, பிள்ளைகள் வளர்ந்து அவள் கேட்க முனையும்போது சட்டத்தின் கதவு அடைபட்டிருக்கலாம். மறுமையின் கதவு அடைபடுவதில்லை என்பதை முதலைக் கையில் வைத்திருப்போர் நினைவிற் கொள்ளவேண்டும்.

செய்யத்தக்கது

பிணக்கு நேர்ந்தபின் ஜமாஅத்தில் முறையிடும் வழக்கம் நம்மிடம் உண்டு, அது பாராட்டத்தக்கதே. எனினும் வாய்மொழித் தீர்ப்பைத் தோற்றவர் மறுத்தால் அதனைச் செயற்படுத்த வழியில்லை. ஃபத்வாவை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம், அதற்குச் சட்ட வலிமை இல்லை என 2014இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. ஆனால் 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கச் சட்டப்படி, எழுத்து வடிவிலான ஒப்பந்தத்தின் பேரில் நியமிக்கப்பட்ட நடுவர் முறையாக வழங்கும் தீர்ப்பு, நீதிமன்ற ஆணைபோல் நிறைவேற்றத்தக்கது. ஃபிக்ஹில் 'தஹ்கீம்' என நாம் கற்பிக்கும் பாடமும் இதுவே. கூட்டுப் பத்திரத்திலேயே ஓர் ஆலிமையும் ஒரு கணக்காயரையும் சட்டமறிந்த ஒருவரையும் நடுவராக்கும் விதியைச் சேர்த்துவிட்டால், ஷரீஅத்தின் தீர்வு நாட்டுச் சட்டத்தின் வலிமையோடு கிடைக்கும்.

எந்தக் காஜியிடம் சென்றாலும் நிலைக்கும்படி எழுதுக என்றார் இமாம் தஹாவீ (ரஹ்). இன்று நம் பத்திரங்கள் நிலைக்கவேண்டிய மன்றங்கள் இரண்டு: மாவட்ட நீதிமன்றம் ஒன்று, மறுமை நாளின் மன்றம் மற்றொன்று. முன்னதற்கு வழக்கறிஞரும் பின்னதற்கு ஆலிமும் வழிகாட்டுவர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே பத்திரத்தை எழுதும் வழக்கம் நம்மிடையே வளரவேண்டும். அரபுக் கல்லூரிகளில் ஷரிகத் பாடத்தை நடத்தும்போது 1932ஆம் ஆண்டுச் சட்டத்தையும் உடன் வைத்துக் கற்பிப்பது அதற்கு நல்ல தொடக்கமாகும். அப்பத்திரத்தின் முதல் வரியில், நம் முன்னோர் எழுதிய இறையச்சமும் அமானிதமும் மீண்டும் இடம்பெறட்டும்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.